இடது முட்டி, அதே லிங்க்

என் அண்ணனுக்கு முகம் மறந்துபோகும், முட்டி மறக்காது. கடைத்தெருவில் யாராவது சிரித்துக்கொண்டே எதிரில் வந்தால் பேந்தப் பேந்த விழிப்பான். அந்த ஆள் நாலு எட்டு நடந்து காட்டினால் போதும், "ஓ, வலது முட்டி, உள்பக்கம் வீக்கம்! இப்ப எப்படி இருக்கு?" என்று வாயெல்லாம் பல்லாகிவிடுவான். பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறான். ஊர் முட்டியெல்லாம் அவன் பொறுப்பு.

நான் அவன் தங்கை. கிளினிக்கின் பின்னறையில், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் தொட்டிக்கும் துண்டுகள் காயும் கம்பிக்கும் நடுவே எனக்கு ஒரு மேஜை. வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று பேர். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பதும், போனில் "டாக்டர் இருக்காரா?" என்பவர்களுக்குப் பதில் சொல்வதும் எப்படியோ அதே வேலைக்குள் வந்துவிடும். வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் கம்ப்யூட்டர். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் படாத பாடு பட்ட கதைதான் இது.

எங்கள் வெப்சைட்டில் உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று, உடற்பயிற்சி வீடியோக்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்போம். அதில் கறுப்புக் கட்டங்களாக க்யூஆர் கோடு இருக்கும். போனை அதன்மேல் காட்டினால் அவரவர் முட்டிக்கான வீடியோ ஓடும். இடது முட்டிக்கு ஒன்று, வலது முட்டிக்கு ஒன்று, தோளுக்கு, கழுத்துக்கு என்று தனித்தனி. அந்த அட்டைகள் ஊரில் எத்தனையோ ஃபிரிட்ஜ் கதவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் வீடியோவின் முகவரி, அதாவது லிங்க், எந்தக் காரணத்துக்கும் மாறக் கூடாது. மாறினால் ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாக நான் போய் அட்டையைப் பிய்க்க வேண்டும்.

அந்த வீடியோக்கள் அத்தனையிலும் இருந்தவர் பழைய அண்ணி.

அவரும் பிசியோதெரபிஸ்ட். அண்ணனும் அவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேசுவதை நிறுத்தினார்கள், அப்புறம் ஒரே வீட்டில் இருப்பதையும் நிறுத்தினார்கள். சட்டப்படி எல்லாம் முடிந்து அவர் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார். ஏன், என்ன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டால் அண்ணன் "விடு" என்பான்.

இந்த வருஷம் அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். வந்தவர் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர். நிதானம், பொறுமை, சீட்டில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அட்டைப்பெட்டியில் கை வைப்பார். நல்ல மனுஷி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சிக்கல் என் வாயில். ஒருத்தரைப் பல வருஷம் அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு, அதே சொல்லை எடுத்து இன்னொருவருக்கு மாட்ட எனக்கு நாக்கு எழவில்லை. "ஏங்க", "இங்க பாருங்களேன்" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அவரும் புரிந்துகொண்டவர் மாதிரி, வயதில் சின்னவளான என்னை "நீங்க, வாங்க" என்றே பேசினார். அம்மா அதற்கும் ஒரு படி மேல். "இந்தாம்மா" என்பாள், பால் பாக்கெட் கொண்டுவரும் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆனது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆபரேஷன் செய்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: தினமும் மடக்கிப் பழக வேண்டும், அடுத்த செக்கப்புக்கு வரும்போது நாற்காலியில் உட்காருகிற அளவுக்காவது மடங்க வேண்டும், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்கிவிடுவோம். அம்மாவின் காதில் கடைசி இரண்டு சொல்தான் விழுந்தது. "மடக்கிடுவாங்களாம்டி, குச்சிய ஒடிக்கிற மாதிரி" என்று அன்றிலிருந்து புலம்பல். அண்ணன் எவ்வளவு விளக்கியும் பயம் போகவில்லை. பயத்திலேயே ஒழுங்காகப் பயிற்சி செய்தாள். மத்தியானம் டிவி தொடர் ஓடும்போது நாற்காலியில் உட்கார்ந்து, போனில் இடது முட்டி வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஒரு கண் இதில் ஒரு கண் அதில் என்று செய்வாள். பழைய அண்ணி திரையில் காலை மடக்குவார், அம்மா இங்கே மடக்குவாள். முட்டியும் சொன்னபடி கேட்டுக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கிளினிக்கில் யாரோ ஒரு தோள்வலிக்காரர், அண்ணன் கட்டிக்கொண்ட புதியவர் கடை வேலை இல்லாத நேரத்தில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, "வீடியோல வர்ற மேடம் இப்ப வர்றதில்லையா? இவங்க யாரு?" என்று கேட்டுவைத்தார். புதியவர் "நான் டாக்டரோட வீட்டுக்காரி" என்று சொல்லிச் சிரித்தார். அன்று சாயங்காலமே அண்ணன் என் மேஜைக்கு வந்தான்.

"எல்லா வீடியோவையும் மாத்தணும். இவளை வெச்சு எடுத்துடலாம், நானே எடுக்கறேன்."

"எடு. பிரச்சனையில்ல."

"பழசை அழிச்சுட்டு புதுச ஏத்திடு."

"அப்படிச் செஞ்சா லிங்க் செத்துடும் அண்ணா. அட்டையைக் காட்டினா ஒண்ணும் வராது. புது ஃபைலுக்கு அதே பேர் வெச்சு, பழசு மேலேயே ஏத்தணும். முகவரி அப்படியே இருக்கும், உள்ளே இருக்கற ஆள் மட்டும் மாறிடும்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அண்ணன் மெழுகுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பழைய ஃபைலை எங்கயாவது எடுத்து வைக்கட்டுமா?"

"எங்கயும் வேண்டாம்" என்றான்.

அண்ணன் போனைத் தாங்கியில் நிறுத்திப் படம் பிடித்தான். புதியவர் கேமராவைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து, "இது இடது முட்டிக்கான பயிற்சி. இடது காலை மெதுவா உள்ளே மடக்குங்க, அப்படியே வைங்க" என்று மருந்துச் சீட்டு படிக்கும் தெளிவோடு சொன்னார். ஆபரேஷன் ஆன காலை நன்றாக மடக்கி வெகுநேரம் பிடித்துவைக்க வேண்டும், நல்ல காலைச் சும்மா இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும். அதுதான் அந்தப் பயிற்சி. நான் ஒவ்வொரு ஃபைலுக்கும் பழைய பேரையே வைத்து மேலே ஏற்றினேன். ஒரு லிங்க்கும் உடையவில்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது. பெருமை ஒரு மத்தியானம்தான் நீடித்தது.

வரவேற்பு மேஜையில் இருந்த டேப்லட்டில் புதியவர் வந்தார். அம்மா போனில் பழைய அண்ணி வந்தார். என் போனில் புதியவர், அண்ணன் போனில் பழைய அண்ணி. ஒரே லிங்க், ஒரே வீடு, ஆளாளுக்கு ஒரு ஆள்!

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று அண்ணன் கத்தினான்.

"நான் மாத்திட்டேன். உன் போன்தான் மாறல. ஒருதடவ பார்த்த வீடியோவ போன் தனக்குன்னு ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும், கேஷ்னு பேரு. அடுத்த தடவை அதையே காட்டும். புதுசு வந்தது அதுக்குத் தெரியாது."

"அதெப்படி தெரியாம இருக்கும்?"

"நமக்கே வீட்ல நடக்கறது பாதி தெரியறதில்ல. போனுக்கு எப்படித் தெரியும்?"

அவன் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை. புதியவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. பழையவர்மேல் எனக்குப் பாசம் என்பது வீட்டுக்கே தெரியும். வேண்டுமென்றே அரைகுறையாக வேலை பார்த்தேன் என்று நினைத்துவிட்டாரோ என்று ஒரே தவிப்பு. இரண்டு போனையும் பிடுங்கி, பழைய காப்பியைத் துடைத்து எறிந்தேன். அம்மா போனில் புதியவர் வந்தார். அண்ணன் போனிலும் வந்தார். என் கண்ணாலேயே பார்த்தேன். அப்பாடா என்று போய் டீ போட்டுக் குடித்தேன்.

கொஞ்ச நாள் போனது. ஒருநாள் காலை புதியவர் என் மேஜை ஓரத்தில் வந்து நின்றார். கையில் மடித்த துண்டுகள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவர் போன்ல இன்னும் பழையவங்க வீடியோதான் வருது. நேத்து பார்த்துட்டிருந்தார்."

"வர முடியாதுங்க. நான் துடைச்சாச்சு."

"நான் பார்த்தேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அண்ணனைக் கேட்டேன். "ஆமா, மாறல. சரி பண்ணு" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, போனைக் கேட்டும் தராமல், ஒரு முட்டியைப் பார்க்கப் போய்விட்டான். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எங்கள் வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வர் கம்பெனிக்கு எழுதினேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. எதிர்க்கடை கண்ணாடிக்காரர் போனை வாங்கிப் பார்த்தேன். புதியவர். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். புதியவர்தான். உலகத்துக்கே மாறிவிட்டது, என் அண்ணன் ஒருத்தனுக்கு மட்டும் மாறவில்லை.

அம்மா பக்கம் நிலவரம் தலைகீழ். புது வீடியோ வந்த முதல் நாளே, "இந்தப் பொண்ணு சொல்றது வலிக்கவே இல்லடி. அவ உசிர எடுப்பா. இது எவ்வளவு லேசா இருக்கு!" என்றாள். புதியவர் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க முகம் மலர்ந்திருந்தது. அம்மா வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோணமானியை வைத்து அம்மாவின் முட்டியை அளந்தான். மறுபடி அளந்தான். "என்னம்மா இது, போன தடவைய விடக் குறைஞ்சிருக்கு? ஏமாத்துறியா?"

"நானாடா ஏமாத்தறேன்? தினம் செய்யறேன், இவளைக் கேளு."

"ஆமா, செய்யறாங்க. நான் பாக்கறேன்ல" என்றேன். உண்மைதான். தொடர் ஆரம்பிக்கும், அம்மா கால் ஆடும். ஒரு நாள் தவறியதில்லை.

அடுத்த வாரம் இன்னும் இறுகிவிட்டது. கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே அம்மா முனக ஆரம்பித்தாள். செக்கப் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிட உட்காரும்போது, காலை நீட்டியபடி, எல்லார் எதிரிலும் போட்டு உடைத்தாள்.

"அவ சொன்னப்ப மடங்குச்சு. இந்தாம்மா சொன்னா மடங்கல. அவ்வளவுதான். காலுக்குத் தெரியுது."

புதியவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் என்னை முறைத்தான், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அம்மாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வெட்கம். உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதே பயிற்சி, அதே நேரம், அதே நாற்காலி. சொல்லிக்கொடுக்கிற ஆள் மட்டும் மாறினால் கால் எப்படி மடங்காமல் போகும்? பாசத்தில் மடங்குமா முட்டி?

இது போதாதென்று ஒரு தையல்காரர் கிளினிக்குக்குப் போன் போட்டார். தையல் மெஷின் மிதித்தே இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டவர்.

"ஏம்மா, அந்த வீடியோ இப்ப ஒரு மாதிரி இருக்கே. எந்தக் கால மடக்கணும்?"

"இடது கால் சார்."

"இடதுன்னுதான் சொல்றாங்க. ஆனா பார்த்தா இடது மாதிரி இல்லையே."

இடது முட்டி ஃபைலையும் வலது முட்டி ஃபைலையும் மாற்றி ஏற்றிவிட்டேனோ! ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். இடது முட்டி என்று பேர் போட்ட ஃபைலில் புதியவர் "இடது காலை மடக்குங்க" என்கிறார், தன் இடது காலைத்தான் மடக்குகிறார். எழுந்து நின்று நாற்காலியில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நானும் திரும்பி உட்கார்ந்து சரிபார்த்தேன். இடதுதான், சந்தேகமே இல்லை. "சரியாத்தான் சார் இருக்கு, நீங்க செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் "அப்படியா" என்று இழுத்துவிட்டு வைத்தார். குழம்பியவர்கள் பட்டியலில் அவரும் சேர்ந்தார்.

செக்கப்புக்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம். நான் அம்மாவின் அறையில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். புதியவர் உள்ளே வந்தார். டிவியை அணைத்தார். அம்மா புருவத்தைத் தூக்கினாள். புதியவர் ஒரு ஸ்டூலை இழுத்து அம்மாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"போன் வேண்டாம்மா. நானே செய்யறேன், பார்த்துச் செய்யுங்க. எங்க தப்பு நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். உங்க கால அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மடக்கறதுக்கு விடமாட்டேன்."

அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

புதியவர் இடது காலை மடக்கினார், பிடித்துவைத்தார். அம்மா பார்த்து மடக்கினாள், பிடித்துவைத்தாள். இருவர் காலும் அச்சாக ஒரே பக்கம், சுவரில் இருக்கும் ஜன்னல் பக்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு புதியவர் வலது காலைச் சும்மா ஆட்டினார். அம்மாவும் ஆட்டினாள், கதவுப் பக்கத்துக் காலை.

நான் லேப்டாப்புக்குத் திரும்பப்போனேன். ஏதோ இடித்தது. கதவுப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த கால்மேல் நீளமாக ஒரு தையல் தழும்பு.

"அம்மா, அப்படியே இரு! ஆடாதே!"

இருவரும் உறைந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, நீ இவ்வளவு நேரம் எந்தக் காலப் பிடிச்சு வெச்ச?"

"இந்தா, இத" என்று வலது தொடையில் தட்டினாள்.

"ஆபரேஷன் எதுல?"

அம்மா குனிந்து இரண்டு முட்டியையும் பார்த்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் அவை புதிதாக முளைத்த மாதிரி பார்த்தாள்.

"அவ எந்தப் பக்கம் மடக்கறாளோ அந்தப் பக்கந்தானடி மடக்கணும்? அப்படித்தான் அவளும்... அந்த அவ... அவளும் செஞ்சா."

அங்கேதான் முடிச்சு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் இடது நமக்கு வலது பக்கம். பழைய அண்ணிக்கு இது தொழில். பார்க்கிறவர்கள் கண்ணாடி பார்ப்பதுபோலத்தான் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாயால் "இடது" என்று சொல்லிக்கொண்டே தன் வலது காலை மடக்கியிருக்கிறார். இத்தனை வருஷம் அந்த வீடியோவைத் தூக்கிச் சுமந்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. புதியவரோ மருந்துக்கடைக்காரர், இடது என்றால் இடதுதான். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் அம்மாவுக்கு அது வலதாகிவிட்டது. முட்டி நிபுணரான என் அண்ணன் படம் பிடிக்கும்போது மடங்கிய அளவைப் பார்த்தானே தவிர, எந்தப் பக்கம் என்று பார்க்கவே இல்லை. நான் ஃபைலின் பேரைச் சரிபார்த்தேன், லிங்க்கைச் சரிபார்த்தேன், உலகத்துப் போனையெல்லாம் சரிபார்த்தேன். அம்மாவின் காலைப் பார்க்கவில்லை.

புதியவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "அப்ப இத்தனை நாளா நான்தான் அவங்க கால..."

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றாள் அம்மா. பிறகு தன் வலது காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிப் பார்த்தாள். "இது இப்ப மரமே ஏறும் போலிருக்கு. அதான் வலிக்கலன்னு நெனச்சேன்! வலிக்காதுல்ல, இதுல ஒண்ணுமே இல்லையே!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டிருந்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் தையல்காரருக்குப் போன் போட ஓடினேன்.

திரும்பி வந்தபோது புதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படம் எடுக்கும் யோசனையில் இருந்தார்.

"பழைய வீடியோ ஒண்ணு குடுங்க. அவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு பாக்கணும். நான் அதை ஒருதடவ கூட முழுசாப் பார்த்ததில்ல."

"இல்லைங்க. அது மேலேயே ஏத்திட்டேன். எங்கயும் எடுத்து வைக்கல."

"எங்கயுமே இல்லையா?"

அண்ணன் கதவருகே நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். எதையோ தேடி அழுத்தி, அவரிடம் நீட்டினான். பழைய அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, "இடது காலை மெதுவா உள்ளே மடக்குங்க" என்று வலது காலை மடக்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். அந்த வீடியோ ஓடிய இடம் பிரவுசர் இல்லை. மேலே வெப்சைட் முகவரி இல்லை, கிளினிக் பேர் இல்லை. அவன் போனில் போட்டோக்கள் இருக்கும் இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்வதற்கு முன்பே எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான். இத்தனை வாரமாக என்னைச் சர்வர் கம்பெனிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் அலையவிட்ட மர்மம், என் கண்ணெதிரே, அவன் உள்ளங்கையில் இருந்தது. எனக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் கேட்க மனசில்லை.

புதியவர் வீடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எல்லார் போன்லயும் மாறிடுச்சு. இதுல மட்டும் எப்படி இத்தனை நாள் அப்படியே இருக்கு?"

கேள்வி அண்ணனுக்கு. ஆனால் அவர் திரும்பியது என் பக்கம். இந்த வீட்டில் இதற்குப் பதில் தெரிந்தவள் நான்தானே.

"அது கேஷ், அண்ணி" என்றேன். "சில போன்ல எவ்வளவு துடைச்சாலும் போகாது."

உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. இந்தப் பொய்க்கு அம்மாகூட "ஓஹோ" என்று தலையாட்டினாள்.

மறுநாளே புதிதாகப் படம் எடுத்தோம். அண்ணிக்கு இடது என்று சொல்லிக்கொண்டு வலதை மடக்க வரவே இல்லை. வாய் ஒரு பக்கம் போனால் கால் கூடவே போய்விடும். எத்தனை தடவை எடுத்தாலும் பாதியில் மாறிவிடும். கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். "நான் என் காலை மடக்கறேன். நீ என்னப் பார்த்து, நான் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மடக்கு. வாயி பாட்டுக்குச் சொல்லட்டும்." அப்படித்தான் எடுத்தோம். அண்ணி தப்பு செய்யும்போதெல்லாம் அம்மாவும் முதலிலிருந்து இடது காலை மடக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர மடக்கினாள். அந்த வாரம் முழுக்க, தோளுக்கும் கழுத்துக்கும் படம் எடுத்தபோதுகூட, "முட்டிய ஒருதடவ எடுத்துப் பாத்துடலாமா?" என்று அவளே கேட்டாள்.

புது ஃபைலை அதே பேரில், அதே இடத்தில் ஏற்றினேன். இந்தத் தடவை பழையதை எடுத்துவைத்துவிட்டு.

செக்கப் அன்று ஆபரேஷன் டாக்டர் அம்மாவின் முட்டியை மடக்கிப் பார்த்தார். நாற்காலி அளவுக்கு ஒரு நூல் குறைவு. அம்மா அண்ணியின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "வழிக்கு வருது. மயக்கம் எல்லாம் வேண்டாம், இப்படியே செய்யுங்க" என்றார். அம்மாவுக்கு உடனே புரியவில்லை. "என்ன சொல்றாரு?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"மடக்க மாட்டாங்களாம்மா" என்றார் அண்ணி.

அம்மா மருத்துவமனை வராந்தா முழுக்க அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனை நீட்டினான். "இதையும் துடைச்சிடு" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் வாங்கிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். விரல் அந்த வீடியோமேல்தான் இருந்தது. அழித்தால் சரியா, விட்டால் சரியா, எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஃபைலை மாற்ற எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று எந்தக் கம்பெனிக்கு எழுதுவது?

அண்ணி டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "அத அவர்கிட்டயே குடுத்துடு" என்றார். முதல் தடவையாக என்னை நீ என்றார். "கேஷாம். நான் மருந்துக்கடையில தினம் எத்தனை கதை கேக்கறேன், இது தெரியாதா எனக்கு?"

எனக்கு முகம் சுட்டது. "அண்ணி, நான்..."

"அது பொய்யின்னு அன்னைக்கே தெரியும். எனக்கு வேற ஒண்ணுதான் தெரியணும்." வடிகட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு அண்ணின்னு கூப்பிட்டியே. அதுவும் அந்தப் பொய்யோட சேர்ந்ததா?"

"இல்ல அண்ணி" என்றேன்.

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். நான் போனை அணைத்து, அண்ணனிடம் கொடுக்கப் போனேன்.